சடசடப்பு அடங்கும் நேரம்

பூண்டெண்ணெய் காய்ச்சும்போது கண்ணைவிடக் காதைத்தான் நான் அதிகம் நம்புவேன். தட்டிய பூண்டை நல்லெண்ணெயில் போட்டதும் நுரைத்துக்கொண்டு சடசடக்கும். பூண்டில் பாதிக்கு மேல் தண்ணீர். அது வெளியேறுகிற சத்தம்தான் அது. சத்தம் தளர்ந்து, நுரை சிறுத்து, ஓரம் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் சட்டியை இறக்கிவிட வேண்டும். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் அடுப்பை அணைத்த பிறகும் எண்ணெய்ச் சூட்டிலேயே கருகிக் கசந்துவிடும். ஈரம் இருக்கும்வரை பூண்டு தீயாது. போய்விட்டதோ, கண்மூடித் திறப்பதற்குள் தீய்ந்துவிடும்.

தட்டிய கையோடு எண்ணெயில் போடுவதும் கிடையாது. பத்து நிமிஷமாவது கிடக்கட்டும். உரித்த முழுப் பல்லில் காரம் இல்லை. நசுங்கிய பிறகுதான் அல்லியினும் அல்லினேஸ் என்ற நொதியும் ஒன்று சேர்ந்து அல்லிசின் உண்டாகிறது. சூடு பட்டால் நொதி செத்துவிடும். பூண்டுக் குழம்பில் முழுசாக வெந்த பல் இனிப்பது அதனால்தான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணமும் காரமும் தூக்கல். லேகியத்துக்கு அதைத்தான் வாங்குவேன். தினசரி எண்ணெய்க்கு அந்த விலை கொடுக்க மனசு வராது.

ரசத்தை இறக்கிய பிறகு அரைக் கரண்டி, இட்லிப் பொடியில் ஒரு குழி. இதற்குமேல் இந்த எண்ணெயை அடுப்பில் ஏற்றினால் காய்ச்சியதே வீண்.

மூட்டுவலிக்கும் வாய்வுப் பிடிப்புக்கும் தைலம் இறக்குகிற வைத்தியர்களும் ஈரத்தைத்தான் கவனிக்கிறார்கள். மெழுகு பதம், கடுகு பதம், மணல் பதம் என்று எண்ணெயில் வேகும் மருந்து விழுதான கல்கத்தை விரலில் உருட்டிப் பார்ப்பார்கள்; தீயில் போட்டால் சடசடக்காமல் எரிய வேண்டும். காதுவலிக்குப் பூண்டெண்ணெய் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் நான் கொடுப்பதில்லை. உள்ளே சீழ் இருக்கிறதா, செவிப்பறையில் ஓட்டையா என்று எனக்கு எப்படித் தெரியும்? பச்சைப் பூண்டை அரைத்துக் குழந்தையின் நெஞ்சில் பற்றுப் போடுவதும் வேண்டாம்; தோல் வெந்து கொப்பளித்துவிடும்.

அழகுக்காகப் பச்சைப் பல்லை எண்ணெயில் மிதக்கவிட்டு மேடையில் வைக்கிற பாட்டில்களைக் கண்டால் பயமாக இருக்கிறது. மண்ணிலிருந்து வருகிற பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் பூண்டில் ஒட்டியிருக்கலாம். பல்லுக்குள் ஈரம், சுற்றிலும் காற்றுப் புகாத எண்ணெய்: அது நஞ்சு கக்க வேறென்ன வேண்டும்? 1985இல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இப்படித்தான் விழுந்தார்கள். எண்ணெயில் போட்ட நறுக்குப் பூண்டைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் வெளியே வைத்திருந்தார்கள். கெட்டுப்போன வாடைகூட வராது என்பதுதான் கொடுமை.

நான் காய்ச்சியதை வடிகட்டிக் குளிர்ப்பெட்டியில் வைத்து நாலு நாளைக்குள் தீர்த்துவிடுவேன். நல்லெண்ணெய் அங்கே கொஞ்சம் கலங்கும், அது கெட்டதல்ல. வெளியூருக்குக் கேட்பவர்களிடம் கையால் ஒடித்தால் நொறுங்குகிற அளவு காய்ந்த பூண்டையும் எண்ணெயையும் தனித்தனியாகக் கொடுத்துவிடுகிறேன். வேண்டும்போது அங்கேயே காய்ச்சிக்கொள்ளட்டும். காய்ந்த பூண்டு சடசடக்காது, அதனால் தீயைச் சிறிதாக வைத்துப் பக்கத்திலேயே நிற்கச் சொல்வேன்.