பாலத்துக்கு உண்டு, கோயிலுக்கு இல்லை

என் சீனியரின் அலுவலகம் ஹைகோர்ட் பக்கத்தில், அரண்மனைக்காரன் தெருவில் இருந்தது. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. அர்மேனியன் என்ற பேரை நம் ஜனங்கள் மென்று மென்று அரண்மனைக்காரன் ஆக்கிவிட்டார்கள்.

1991இல் பரங்கிமலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மஞ்சள் பையிலிருந்து ஒரு செட்டில்மென்ட் பத்திரத்தை எடுத்தார். அவருடைய தாத்தா ஒரு குருசடியும் அதையொட்டி இரண்டு கடைகளும் கட்டி, கடை வாடகையில் விளக்கும் வருஷத் திருவிழாவும் நடக்கவேண்டும் என்று எழுதியிருந்தார். யார் நடத்துவது? ‘எனது வாரிசுகள் பார்த்துக்கொள்ள வேண்டியது.’ அவ்வளவுதான். சித்தப்பா மகன் கடைகளை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டார். குருசடியில் விளக்கெரிந்து ஆறு மாதம்.

சீனியர் பத்திரத்தை இரண்டு தரம் படித்தார். “தருமத்துக்கே கொடுத்த சொத்தா, வாரிசு சொத்துமேல ஒரு செலவை மட்டும் ஏத்தி வச்சதா? கேஸே அதுதான். நீ சைதாப்பேட்டைப் பாலத்துக் கல்லைப் பார்த்துட்டு, அப்படியே வேப்பேரிக்கும் போயிட்டு வா” என்றார்.

போனேன். மறைமலை அடிகள் பாலத்தின் சைதாப்பேட்டைப் பக்கம், பஸ் புகைக்கு நடுவில் ஒரு பழைய கல்வெட்டு. அர்மேனியம், பாரசீகம், லத்தீன் என்று மூன்று மொழி. எனக்கு ஒன்றும் படிக்க வரவில்லை. ஈரானின் ஜுல்ஃபாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்து சென்னையில் தங்கிவிட்ட கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற அர்மேனியர், 1726இல் அதே இடத்தில் அடையாற்றின் குறுக்கே கட்டிய மர்மலாங் பாலத்தின் கல் அது. பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டும் அவர் உபயமே. பாலத்துக்கு 30,000 வராகன் செலவழித்தவர், பராமரிப்புக்கென்று 1,500 வராகன் தனியாக ஒதுக்கினார். சீனியர் என்னைப் பார்க்கச் சொன்னது இதைத்தான்.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது உஸ்கானின் சொத்தும் பறிபோனது. பாண்டிச்சேரிக்குக் குடிவந்தால் திருப்பித் தருகிறோம் என்றார்கள். மனிதர் மறுத்துவிட்டார். அவர் அவ்வளவு விசுவாசம் காட்டிய ஆங்கிலேயக் கம்பெனி, ஊர் கைக்குத் திரும்பியதும் கத்தோலிக்கர்கள் பிரெஞ்சுக்கு உளவு சொன்னார்கள் என்று சந்தேகப்பட்டு அவர்கள் கோயில்களில் கைவைத்தது. உஸ்கான் 1751இல் இறந்து, வேப்பேரியில் தாம் கட்டிய மாதா கோயிலிலேயே அடக்கமானார். மறு வருஷமே அந்தக் கோயில் புராட்டஸ்டண்ட் மிஷனரிகளின் கைக்குப் போயிற்று. இப்போது அங்கே செயின்ட் மத்தியாஸ் ஆலயம். இதயத்தை மட்டும் ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். கல்லறைக் கல்லின் அர்மேனிய எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

பாலத்தைக் காக்கத் தனியாகப் பணம் இருந்தது; கோயிலோ கட்டியவர் போனதும் கைமாறிவிட்டது. குருசடிக்கும் அந்தக் கதி வரக்கூடாதென்று செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவில் வழக்குப் போட்டோம். அதற்குக் கோர்ட் அனுமதி வேண்டும்; தருமத்தில் அக்கறையுள்ள இரண்டு பேராவது வாதியாக வேண்டும். பெரியவரோடு யார்? வெள்ளிக்கிழமைதோறும் குருசடியில் மெழுகுவத்தி ஏற்றும் பூக்காரம்மாவைச் சேர்த்தோம். எனக்கு உள்ளூர பயம்தான். கூண்டில் அந்தம்மா என்ன சொல்வார்களோ!

எதிர்க்கட்சி வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்டார்: “நீங்க அந்தக் குடும்பமா?”

“இல்லீங்க.”

“கிறிஸ்துவரா?”

“இல்லீங்க. மாரியாத்தாளுக்கும் கூழ் ஊத்துவேன், இங்கேயும் வருவேன். எங்க தெருவே வரும்.”

சீனியர் என் தொடையில் லேசாகத் தட்டினார். குடும்பத்துக்கு மட்டுமான குருசடி என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதமே. அதைக் கேள்வி கேட்டவரே உடைத்துக்கொண்டார். அதோடு தாத்தாவின் நீள நோட்டையும் தாக்கல் செய்திருந்தோம். மாதாமாதம் வாடகை வரவு. எதிரே எண்ணெய், திரி, வெள்ளையடிப்பு. தனக்கென்று ஒரு காசு எடுத்த பதிவு இல்லை.

தீர்ப்பு வரை போகவில்லை. கோர்ட் அனுமதியோடு ஒரு நிர்வாகத் திட்டம் போட்டுச் சமரசமானோம்: பெரியவர், சித்தப்பா மகன், பங்குச் சாமியார் மூவரும் பொறுப்பு, கணக்கில் மூன்று கையெழுத்து. அட்வான்ஸ் திரும்பிப் போயிற்று. சித்தப்பா மகனையும் ஏன் சேர்த்தீர்கள் என்று சீனியரிடம் கேட்டேன். “வெளியே விட்டா மறுபடி கேஸ் போடுவான்டா.”

அடுத்த வருஷத் திருவிழாவுக்குப் பெரியவர் அந்தக் கணக்கு நோட்டோடு வந்து பத்திரிகை கொடுத்தார். புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் மூன்று கையெழுத்து. சித்தப்பா மகனுடையதுதான் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது.