உன் ஒரண்டா தீனி எடுக்கிறது

பெரம்பூர்,
மார்கழி.

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் நல்ல செய்தி. உன் ஒரண்டா மீன் பிழைத்துக்கொண்டது. தீனி போட்டால் மேலே வருகிறது, அந்தக் கொண்டைத் தலையை ஆட்டிக்கொண்டு இன்னும் கேட்கிறது. "அம்மை போட்ட மாதிரி இருக்குடா" என்று அம்மா போனில் சொல்லி உன்னைக் கலங்கடித்துவிட்டாள். நீயும் பதறிப்போய் மூன்று மருந்தின் பெயரை அனுப்பியிருந்தாய். அதில் ஒன்றையும் நான் வாங்கவில்லை. காரணத்தைப் போனில் சொன்னால் நடுவில் நடுவில் பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

கொளத்தூர் பக்கம் ஏதோ வேலையாகப் போன அப்பா, திரும்பும்போது கவரில் இரண்டு சிவப்பு கோல்டு ஃபிஷ்ஷோடு வந்தார். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னாலேயே அங்கே மீன் வாங்கிய ஆளாக்கும் அவர். கவரை அறுத்து, கடைத் தண்ணீரோடு அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டார். அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. ராத்திரியெல்லாம் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தண்ணீரும் சில்லிட்டுவிட்டது. மீனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைய இது போதும்.

அப்புறம்தான் ஒரண்டா ஃபில்டர் குழாயில் போய் விலாவை உரச ஆரம்பித்தது. துடுப்பை விரிக்காமல் மூலையில் ஒடுங்கி நின்றது. வாலில் ரவை ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். "அது ஆண் மீன்மா, இணை சேர்ற சமயத்துல செவுள் மூடியில வெள்ளைப் புள்ளி வரும்" என்றார் அப்பா. அவர் சொன்ன விஷயம் உண்மைதான். ஆனால் அந்தப் புள்ளி செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் விளிம்பிலும்தான் வரிசையாக வரும். வால் நுனிவரை சிதறிக் கிடக்காது.

சந்தேகம் எதற்கென்று, வாலின் மேலிருந்த வழவழப்பைக் கண்ணாடித் துண்டில் லேசாக வழித்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட லேபுக்குப் போனேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் புரிந்துவிட்டது. கருத்த உருண்டையாக ஒரு உயிர், உடம்பெல்லாம் நுண்ணிய மயிர், மெதுவாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே லாட வடிவத்தில் உட்கரு. அதைப் பார்த்துவிட்டால் வேறு சந்தேகமே வேண்டாம், வெள்ளைப்புள்ளி நோய்தான். இக்தியோஃப்திரியஸ் என்று வாயில் நுழையாத பெயர், 1876-இல் ஃபூக்கே வைத்தது. பிளஸ் ஒன்னில் நீ படம் வரைந்து மார்க் வாங்கினாயே பாரமீசியம், அதன் சொந்தக்காரன். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருத்தி, "மிஸ், அழகா இருக்கு" என்றாள். இருந்தது.

மருந்து வாங்காததற்குக் காரணம் இந்தப் பிராணியின் பிழைப்பில்தான் இருக்கிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது. அங்கே இருக்கும்வரை உப்போ மருந்தோ அதைத் தொடாது. தின்று கொழுத்ததும் தானே கழன்று தொட்டியின் அடிக்குப் போய், ஒரு கூடு கட்டி, அதற்குள் நூற்றுக்கணக்கில் பிரிகிறது. கூடு உடைந்து குஞ்சுகள் வெளியே வந்தால் இரண்டு நாளைக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். அந்த நீந்தும் நேரத்தில்தான் நம்மால் அதைக் கொல்ல முடியும். ஆக, வைத்தியம் முழுக்கத் தண்ணீருக்குத்தான். உன் பட்டியலில் இருந்த மெத்திலின் ப்ளூவை ஊற்றினால் ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்று உயிர்வாழும் பாக்டீரியாவும் சேர்ந்து போகும். நோயாளி மீனை அம்மோனியாவிலும் நிறுத்த வேண்டுமா?

கல்லுப்பு போட்டேன். உன் இரண்டடித் தொட்டியில் கூழாங்கல் போகத் தண்ணீர் ஐம்பது லிட்டர் இருக்கும். லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் 100 கிராம். தனியாகக் கரைத்து, மூன்று பங்காக்கி, இடைவெளி விட்டு ஊற்றினேன். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த மட்டத்துக்கு வெறும் தண்ணீர்தான், மாற்றி எடுத்த தண்ணீருக்கு மட்டும்தான் உப்பு. ஒரு ஹீட்டர் வாங்கி, ஒரேயடியாகச் சூடேற்றாமல், நாளுக்கு ஓரிரு டிகிரியாக 29 வரை கொண்டுபோனேன். குளிரில் மாதக்கணக்கில் இழுக்கும் அதன் சுற்று, சூட்டில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். சீக்கிரம் கழன்று சீக்கிரம் நீந்த வரட்டும் என்றுதான். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், ஆகவே ஏர் பம்ப் ராத்திரி பகலாக ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று அம்மா புகார்.

பெரிய வேலை அடியைச் சுத்தம் செய்வதுதான். கூடுகள் கூழாங்கல்லில் ஒட்டிக்கிடக்கும் என்பதால், தினம் சாயங்காலம் டியூப் போட்டு அடித் தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறேன். அந்த வாளியை அம்மா ரோஜாத் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். உப்புத் தண்ணீர் என்று ஓடிப்போய்ப் பிடுங்கினேன். உன் வாலிஸ்னேரியா செடி உப்பில் அழுகிவிட்டது. அது போகும் என்று தெரிந்துதான் போட்டேன், மீனா செடியா என்றால் நீயும் அதைத்தான் செய்திருப்பாய்.

இதில் ரொம்ப ஆபத்தான கட்டம் எது தெரியுமா? புள்ளி மறைகிற நாள். ஒரு காலையில் ஒரண்டா பளிச்சென்று இருந்தது. "சரியாயிடுச்சே, ஏன் இன்னும் உப்புல போட்டு வதைக்கிறே" என்று அப்பா ஹீட்டரைப் பிடுங்கிவிட்டார். புள்ளி மீனைவிட்டுத்தான் போயிருக்கிறது, தொட்டியைவிட்டுப் போகவில்லை என்று பாடம் நடத்த வேண்டியதாயிற்று. கடைசிப் புள்ளி போய் ஒரு வாரத்துக்கு மேல் எதையும் குறைக்கவில்லை. இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றி உப்பை இறக்குகிறேன்.

சிவப்பில் ஒன்று போய்விட்டது. அதன் உடம்பில் புள்ளியே அதிகம் இல்லை. ஆனால் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டே இருந்தது. செவுளுக்குள் பிடித்தால் அப்படித்தான், வெளியே தெரியாது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும் போனில் கேட்காதே. இப்போதெல்லாம் காலையில் காபி டம்ளரோடு தொட்டி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு துடுப்பாகப் பார்க்கிறார், கண்ணாடியை ஏற்றி ஏற்றி.

பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் டப் வைத்திருக்கிறேன். இனி இந்த வீட்டுக்கு எந்த மீன் வந்தாலும் நாலு வாரம் அதில் இருந்துவிட்டுத்தான் உள்ளே போகும். இதை அப்பாவிடம் நீ சொல். நான் சொன்னால் டீச்சர் புத்தி என்பார், நீ சொன்னால் யோசனை என்பார்.

ஹீட்டர் செலவு உன் கணக்கில் எழுதியிருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது மறந்துவிடாதே.

அன்புடன்,
அக்கா