ரோபோவின் வாட்ச் பழசாச்சு... மேட்டுப்பாளையம் இன்ஜின் மட்டும் பழசாகலை!

காலை ஏழு மணி. சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடி வந்த நீலகிரி எக்ஸ்பிரஸ் கூட்டத்தை இறக்கிவிட்டு ஓய்ந்து நிற்கிறது. எதிரில் நீல நிறப் பெட்டிகளோடு ஊட்டி மலை ரயில். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் தினமும் இந்த நேரத்தில் யாராவது ஒரு குழந்தை கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அப்பா, இன்ஜினை ஏன் பின்னாடி மாட்டியிருக்காங்க?"

உள்ளூர் அப்பாவாக இருந்தால் பதில் தயாராக இருக்கும். "மேடேறும்போது தள்ளித்தான் விடோணும் கண்ணு. முன்னாடி நின்னு இழுத்து, நடுவுல கப்ளிங் அந்து போச்சுன்னா பெட்டியெல்லாம் கீழ உருண்டுருமல்ல?"

புஸ்ஸ்ஸ் என்று நீராவி பீறிட, குழந்தை அப்பாவின் காலைக் கட்டிக்கொள்ளும். அந்த அப்பாவுக்கு நாற்பத்தைந்தைத் தாண்டிய வயதென்றால், அந்தச் சத்தத்தில் வேறொரு ராட்சத இயந்திரம் நினைவுக்கு வரலாம். எண்பதுகளில் தூர்தர்ஷனில் வந்த 'ஜெயன்ட் ரோபோ'!

ஜப்பானில் 1967 அக்டோபரில் தொடங்கி 26 பாகங்கள் வந்த தொடர் அது. எகிப்து மன்னர்களைப் போல முகம், விரல் நுனியிலிருந்து பறக்கும் ஏவுகணை. இவ்வளவு பெரிய ரோபோவை ஆட்டிவைப்பவன் ஒரு சின்னப் பையன். கையில் கட்டிய வாட்ச்சை வாயருகே கொண்டுபோய் உத்தரவு கொடுப்பான். ரோபோ பறந்து வரும். நம்மூர் வாண்டுகள் வெறும் மணிக்கட்டை வாயில் வைத்துக்கொண்டு தெருவில் கத்தித் திரிந்த காலம் அது.

இன்று யூடியூபில் அந்தத் தொடரைத் தேடிப் பார்த்தால் சிரிப்பு வரும். அன்றைக்கு வந்த ஜப்பான் சூப்பர் ஹீரோ தொடர்கள் பலவற்றில் எதிர்காலம் என்று காட்டியது, மினுக் மினுக் விளக்குகளும் சுற்றும் டேப் சுருள்களும்தான். 1966-ல் வந்த 'அல்ட்ராமேன்' தொடரில் விஞ்ஞானப் படையினர் சட்டையில் குத்தியிருக்கும் நட்சத்திர பேட்ஜிலிருந்து ஆன்டெனாவை இழுத்துப் பேசுவார்கள். நாயகன் ஹயாட்டா உருமாற உதவுவது பேனா டார்ச் போன்ற ஒரு குழல். ஒரு பாகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், அவசரத்தில் அந்தக் குழலுக்குப் பதில் ஸ்பூனைத் தூக்கிக் காட்டிவிடுவார்!

1971-ல் வந்த 'கமென் ரைடர்' நாயகனின் பெல்ட்டில் ஒரு குட்டிக் காற்றாடி இருக்கும். பைக்கில் வேகமாகப் போகும்போது காற்றில் அது சுழன்று சக்தி கொடுக்கும். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய அதிசயமாகத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், புதிய கருவிகள்தான் இன்னும் வேகமாகப் பழசாயின. 2003-ல் வந்த 'கமென் ரைடர் ஃபைஸ்' நாயகன், மடக்கும் செல்போனில் 5 5 5 என்று அழுத்தி, அதை பெல்ட்டில் செருகி உருமாறுவார். தமிழ்ப் பேச்சோடு நம் வீடுகளுக்கு வந்த 'பவர் ரேஞ்சர்ஸ்' தொடருக்கும் சண்டைக் காட்சிகள் ஜப்பானிலிருந்துதான் போயின. அங்கும் 2005, 2006 வாக்கில் மடக்கு போன்தான் மந்திரக்கோல். இன்றைய மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள். எங்கே தேய்க்க வேண்டும் என்று கேட்கும்.

சரி, இதற்கும் மேட்டுப்பாளையத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அது தண்டவாளத்தின் நடுவில் இருக்கிறது.

7.10-க்குக் கிளம்பும் ரயில் பவானி ஆற்றைத் தாண்டி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே கல்லாறு வரை சமதளத்தில்தான் போகிறது. அதன்பின் மலை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே, ரம்பத்தை நிமிர்த்தி வைத்ததுபோல் பற்கள் கொண்ட இரும்புப் பட்டைகள் தொடங்கும். இன்ஜினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டைகள். ஒன்றின் பல் முடியும் இடத்தில் அடுத்ததன் பல் வரும்படி மாற்றி வைத்திருப்பதால் பிடி ஒரு நொடிகூட விடாது. சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை. 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம் என்ற அளவுக்குச் செங்குத்தான பாதை இது.

இதே ஆப்ட் முறையை ஜப்பானும் வைத்திருந்தது. அங்கே உசுய் கணவாய் என்ற மலைப்பாதையில் யோகோகாவாவிலிருந்து கருயிசாவா வரை 1893-ல் பல் தண்டவாளம் போட்டார்கள். நம் மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதை 1899-ல் திறந்தது. கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. ஆனால் வேகம் போதவில்லை என்று 1963-ல் ஜப்பான் அந்தப் பற்களைக் கைவிட்டு, பக்கத்திலேயே சாதாரணப் பாதை போட்டது. அடுத்த வருடமே புல்லட் ரயில். 1997-ல் அந்தப் புதுப் பாதையும் மூடப்பட்டது. அதன் வேலையையும் புல்லட் ரயில் எடுத்துக்கொண்டது. பழைய பல் தண்டவாளம் இருந்த வழியில் இன்று மக்கள் நடைப்பயிற்சி போகிறார்கள்.

ஆக, ஜப்பானியப் பிள்ளைகள் டி.வி-யில் ரோபோவைப் பார்த்து வாய் பிளந்த காலத்தில், அவர்கள் நாடு ஆப்ட்டின் பற்களைக் கழற்றி வைத்துவிட்டிருந்தது. நாம் கழற்றவில்லை. பணமில்லாமலும் இருக்கலாம், பிடிவாதமாகவும் இருக்கலாம். எதுவானாலும் நல்லதாகப் போயிற்று. 2005-ல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எக்ஸ் கிளாஸ் எனப்படும் இந்த இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. 1914 முதல் 1925 வரை 12, பிறகு 1952-ல் 5. ஒரே இன்ஜினுக்குள் இரண்டு இன்ஜின்கள் என்றே சொல்லலாம். இரண்டு சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். மலை தொடங்கியதும், அந்தச் சிலிண்டர்களில் வேலை முடித்த நீராவி வெளியே போகாமல், இன்னும் இரண்டு சிலிண்டர்களுக்குள் போய் பல்சக்கரத்தைச் சுழற்றும். பயன்படுத்திய நீராவிக்கே மறுபடி வேலை! நம் வீட்டில் பாட்டிகள் அரிசி களைந்த தண்ணீரைக் குழம்புக்கு எடுத்து வைப்பார்களே, அதே சிக்கனம்.

இவ்வளவு பழைய வண்டிக்கு உதிரி பாகம் எந்தக் கடையில் கிடைக்கும்? எந்தக் கடையிலும் கிடைக்காது. செய்தாக வேண்டும். இங்கேதான் நம்மூர் சூப்பர் ஹீரோக்கள் வருகிறார்கள். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் 2011 தொடங்கி, எண்ணெயில் எரியும் நான்கு புதிய நீராவி இன்ஜின்களை இந்தப் பாதைக்காகவே செய்து கொடுத்தார்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடும் புதிய இன்ஜின் ஒன்றும் அங்கிருந்து வந்தது. உலகமே நீராவியை மியூசியத்துக்கு அனுப்பிய பிறகு, புத்தம் புதிதாக ஒரு நீராவி இன்ஜின்! ரோபோவின் வாட்ச் கெட்டுப்போனால் ஸ்டூடியோவில் அட்டையும் பெயின்ட்டும் போதும். இங்கே பாய்லர் வெடிக்காமல் இருக்க வேண்டும். பின்னால் தள்ளப்படும் பெட்டிகளில் இருப்பவை நிஜக் குடும்பங்கள்.

அதனால்தான் பெட்டிகளின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன்களைக் கொஞ்சம் கவனியுங்கள். இன்ஜின் பின்னால் இருப்பதால் டிரைவருக்கு முன்பாதை தெரியாது. முன்பெட்டியில் நிற்பவர் கொடியசைக்க, அடுத்த பெட்டிக்காரர் அசைக்க, செய்தி கையிலிருந்து கையாகப் பின்னால் போகிறது. பல் பாதையில் வேகம் மணிக்கு சுமார் 13 கிலோமீட்டர். பேட்ஜில் ஆன்டெனா இல்லை, பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும்தான்.

தண்ணீர் பிடிக்க ரயில் நிற்கும் ஹில்குரோவில் டீ, வடை கிடைக்கும். வடையைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள், 208 வளைவுகள். ஊட்டி போய்ச் சேர நண்பகல் ஆகும். இறங்கும்போது மூன்றரை மணி நேரம்தான். டிக்கெட்டை முன்பே பதிவு செய்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் ரயில் பல நாள் நின்றுபோவதும் உண்டு, அதனால் கிளம்பும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். அங்கிருந்து ஊட்டி வரை பல் தண்டவாளம் தேவையில்லை. அந்தச் சில நிமிடங்களில் பாதிப் பெட்டி காலியாகிவிடும். எல்லோரும் பிளாட்பாரத்தில் இறங்கி, கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச் மின்ன, கரி படிந்த அந்த இன்ஜினோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.