சுவருக்கு அந்தப் பக்கம்

ஊரிகத்தில் தொழிலாளிக்கு வீடு என்றால் நெடுங்காலம் ஒரே பொருள்தான்: லைன் வீடு. பொதுச் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் சின்னஞ்சிறு குடியிருப்புகள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலில் இறங்கிய பின், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள். அவர்களுக்குக் கிடைத்தவை மூங்கில் தட்டிக் குடிசைகள். தகரமும் செங்கல்லும் பிறகுதான் வந்தன. துரைமார்களுக்கோ தோட்டம் சூழ்ந்த பங்களா, கிளப். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் இந்த ஊரைத் தேடி வந்தது, சுரங்க இயந்திரங்களுக்காக.

அப்படியொரு லைன் வீட்டில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி இரவு நான் தனியாகத் தங்க நேர்ந்தது. சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களின் நினைவுகளைப் பதிவு செய்யப் போயிருந்தேன். வீடு என் சிநேகிதியின் அப்பாவுடையது; அவர் இறந்தபின் பூட்டிக் கிடந்தது. கூட இருப்பதாகச் சொன்ன சிநேகிதி, மகளுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்ததும் மாலை ரயிலில் பெங்களூருவுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஒரு வீட்டில் நான் தன்னந்தனியாகக் கழித்த முதல் இரவு அது. அப்போது எனக்கு வயது 43. இதைச் சொன்னால் ஆண் நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். தோழிகள் யாரும் ஆச்சரியப்படவில்லை. அம்மா வீடு, எம்.ஏ. தமிழ் படித்தபோது விடுதி, பிறகு புகுந்த வீடு. வேலை நிமித்தம் வெளியூர் போனாலும் உறவினர் யாராவது பாய் விரித்துக் காத்திருப்பார்கள். நம் பெண்களின் வாழ்க்கையில் தனி இரவுக்கென்று யாரும் இடம் ஒதுக்குவதில்லை. தப்பித் தவறி வந்தால்தான் உண்டு.

பக்கத்து வீட்டு ஆயா வாசலில் வந்து நின்றார். "தனியாவா படுத்துக்கப் போற?" என்றார். "ஏதாச்சும்னா சொவத்தத் தட்டும்மா."

தட்டுவது பற்றி ஆயாவுக்கு நன்றாகவே தெரியும். அவர் கணவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். வேலை தொடங்கும் முன் இரும்புக் கம்பியால் தலைக்கு மேலே பாறையைத் தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்று ஒலித்தால் நிற்கலாம். பொள்ளலாக ஒலித்தால் விலகிவிட வேண்டும். பாறை வெடிக்கும் இரவுகளில் மேலே இந்த வீடுகளில் பாத்திரங்கள் உருளும். பெண்கள் தெருவுக்கு ஓடிவந்து ஷாஃப்ட்டின் பக்கம் பார்த்தபடி நிற்பார்கள். யார் வீட்டுக்குச் செய்தி வருமோ என்று விடியும்வரை நிற்பார்கள்.

"இந்த வூட்ல ஒரு நாளாவது தனியா இருக்கணும்னு எனக்கு எம்மா ஆசை தெரியுமா?" என்றார் ஆயா. மாமியார், மூன்று கொழுந்தன்மார்கள், ஐந்து பிள்ளைகள். ஒருவர் ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்கும்போது இன்னொருவர் எழுந்து போவார். புதுப்பெண்ணாக வந்தவருக்கு அழக்கூட மறைவிடம் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். லைன் வீட்டு ஒற்றுமை என்று சிலாகித்து எழுதுபவர்கள் இதையும் எழுத வேண்டும். கம்பெனி அன்பினால் சுவரை மெல்லியதாகக் கட்டவில்லை. அது சிக்கனம்.

பத்து மணிக்கு விளக்கை அணைத்தேன். எங்கோ ஒரு தொலைக்காட்சித் தொடரின் அழுகை. ஒரு பையன் கன்னடப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். பிறகு அதுவும் நின்றது. கதவின் தாழ்ப்பாளை இரண்டு முறை எழுந்து சோதித்தேன். பயத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்பதை மறைப்பானேன்? யாருக்கும் தண்ணீர் எடுத்துவைக்க வேண்டாம். காலை டிபன் என்ன என்று யாரும் கேட்கப்போவதில்லை. கையைக் காலை நீட்டிப் படுத்தேன்.

நள்ளிரவுக்கு மேல் கூரையில் ஏதோ உருண்டது. பூனையாகத்தான் இருக்க வேண்டும். சுவரைத் தட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அந்தப் பக்கத்திலிருந்து டொக், டொக் என்று சத்தம். நானும் தட்டினேன். "தூங்கலியா?" என்றது ஆயாவின் குரல், தலைமாட்டில் உட்கார்ந்து கேட்பது போல. "இல்லை ஆயா." பிறகு ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தோம்.

எனக்குத் துணையாகத்தான் அவர் தட்டினார் என்று நினைத்திருந்தேன். காலையில் அவர் வீட்டுக்குள் போனபோதுதான் தெரிந்தது: ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு தம்ளர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஷிஃப்டுக்கு ஊதும் சங்கு ஓய்ந்தது. அதன்பின் தங்கவயலின் ஆண்களும் பெண்களும் பிழைப்புக்கு நம்பியது பெங்களூரு ரயிலைத்தான். விடியுமுன் ஏறி இரவு திரும்புபவர்கள் ஆயிரக்கணக்கில். ஆயாவின் பிள்ளைகள் அங்கேயே குடியேறிவிட்டார்கள். அந்த வரிசையில் பல வீடுகளில் பூட்டு தொங்கியது. அவர் ஆசைப்பட்ட தனிமை, கேட்காத வயதில் மொத்தமாக வந்து சேர்ந்திருந்தது.

நான் விரும்பியது ஒரே ஓர் இரவு. மறுநாள் கதவைத் திறந்தால் என் வீடும் மனிதர்களும் இருப்பார்கள் என்ற தைரியத்தில் விளைந்த விருப்பம் அது. ஆயா படுத்திருப்பது வேறு தனிமையில். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

டீ கொடுத்துவிட்டு, "இன்னிக்கும் இருப்பியா?" என்று கேட்டார். வேலை முடிந்திருந்தது. அன்றும் தங்கினேன்.