கொல்கத்தாப் பயணம் – பகுதி 3: பாலிகஞ்சில் விருந்தாளிகளும் வாண்டுகளும்

பாலிகஞ்ச் தெற்குக் கொல்கத்தாவின் பழைய குடியிருப்புகளில் ஒன்று. வடக்கே பார்க் சர்க்கஸ், தெற்கே தாகுரியா, நடுவில் எந்நேரமும் கூட்டம் அலைமோதும் கரியாஹாட் நாற்சந்தி. சியால்டாவிலிருந்து தெற்கே செல்லும் ரயில் பாதை 1862-இல் இவ்வழியாகப் போடப்பட்டது. பட்ஜ்பட்ஜ் கிளைப்பாதை 1890-இல் இங்கிருந்து பிரிந்தது. அந்நாளில் இங்கே இருந்தவை பெரும்பாலும் தோட்டங்களும் பங்களாக்களும்தான். 1912-இல் தொடங்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட், அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் ராஷ்பிஹாரி அவென்யூ, சதர்ன் அவென்யூ போன்ற அகலச் சாலைகளைப் போட்டு தாகுரியா ஏரியையும் வெட்டியபின், நடுத்தர வர்க்கத்து வீடுகள் வரிசையாக எழுந்தன.

அலுவலக வேலைக்காகக் கொல்கத்தா வந்த தமிழர்கள் குடியேறியது இந்த வட்டாரத்தை ஒட்டித்தான். லேக் மார்க்கெட் பக்கத்துத் தெருக்களில் வாழையிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, தொடுத்த மல்லிகை, அரைத்துத் தரும் காப்பிப்பொடி எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பங்களுக்குச் சென்னையிலும் திருச்சியிலும் கும்பகோணத்திலும் உறவு விட்டுப்போகவில்லை. அதனால் பள்ளி விடுமுறை விட்டதும் பாலிகஞ்ச் வீடுகளுக்குக் கூட்டமாக உறவினர் வருவது வழக்கமாகிவிட்டது. அப்படி ஒரு வீட்டில்தான் நாங்களும் இறங்கினோம்.

வந்து சேரும் நேரம்

சென்னையிலிருந்து கொல்கத்தா சுமார் 1,660 கி.மீ. 1977-இல் ஓடத் தொடங்கிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஹவுராவுக்குப் பதிலாக இப்போது ஷாலிமாரில் நின்றுவிடுகிறது. சென்னை மெயில் இன்னும் ஹவுராவுக்கே போகிறது. ஷாலிமாரில் இறங்குவோர் 1992-இல் திறந்த வித்யாசாகர் சேதுவையும், ஹவுராவில் இறங்குவோர் பெரும்பாலும் 1943-இல் திறந்த ஹவுரா பாலத்தையும் கடந்து ஊருக்குள் வருகிறார்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் எந்த ஸ்டேஷன் என்பதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு ஸ்டேஷனில் சித்தப்பா காத்திருக்க, வண்டி இன்னொன்றில் வந்து நின்ற கதை பல குடும்பங்களில் உண்டு.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் இல்லை, தனிப் படுக்கையும் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் படுக்கை வேண்டுமென்றால், 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம். காசை மிச்சம் பிடிக்க இரண்டு பிள்ளைகளை ஒரே படுக்கையில் போட்டுக்கொண்டு வரும் தாய், பாலிகஞ்ச் வாசலில் கால் வைக்கும்போது ஓர் இரவுத் தூக்கத்தை முழுதாக இழந்திருப்பாள்.

வந்த முதல் மணி நேரம்தான் முதல் ஆபத்து. வாசலில் டாக்ஸி நிற்கிறது. பெட்டிகள் இறங்குகின்றன, காசு எண்ணப்படுகிறது. பாட்டி ஆரத்தித் தட்டோடு வருகிறாள், பெரியவர்கள் ஒருவரையொருவர் குசலம் விசாரிக்கிறார்கள். ஒரு நாளுக்கு மேல் ரயில் பெட்டிக்குள் அடைபட்டிருந்த பிள்ளைகள் இதற்குள் மாடிப்படி ஏறியிருப்பார்கள். அப்போது வாசலில் எட்டுப் பெரியவர்கள் இருந்தால், எட்டுப் பேரும் பிள்ளைகள் மற்றவரிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். விருந்து வீட்டில் நேரும் விபத்துகளில் பெரும்பகுதிக்குப் பிள்ளைகளின் குறும்பைவிட இந்த எண்ணமே காரணம்.

வீட்டின் அமைப்பு

பாலிகஞ்சின் பழைய வீடுகளில் வழுவழுப்பான சிவப்புத் தரை, மரச்சட்டம் வைத்த உயரமான சன்னல், தெருவைப் பார்த்த வராந்தா, குடும்பத்துக்கே பொதுவான மொட்டை மாடி ஆகியவை இருக்கும். ஒவ்வொன்றும் ஒருவகை விபத்துக்கு இடம் தரும். ஈரமான சிவப்புத் தரை வழுக்கும். சன்னல் சட்டத்தின் சாய்வுப் பலகைகள் ஒரே குச்சியில் ஏறி இறங்குபவை; ஒரு பிள்ளை குச்சியை இழுக்கும்போது இன்னொன்றின் விரல் பலகைக்கு நடுவில் இருக்கும். வராந்தாவின் பழைய இரும்புக் கிரில்லில் குறுக்குக் கம்பிகள் ஏணிப்படி மாதிரி அமைந்திருப்பதால், மூன்று வயதுப் பிள்ளைகூட ஏறிவிடும். நாற்காலி, மோடா என்னும் பிரம்பு முக்காலி, பழைய பெட்டி எதையும் கிரில்லை ஒட்டிப் போடக் கூடாது. மாடிக் கதவைப் பூட்டி, சாவியைப் பெரியவர் ஒருவர் இடுப்பில் செருகிக்கொள்வது இந்த வீடுகளில் பழைய ஏற்பாடு.

தண்ணீர்த் தொட்டி தனியாகக் கவனிக்க வேண்டியது. மாநகராட்சித் தண்ணீர் தரைக்கடியில் உள்ள தொட்டியில் நிரம்பி, மோட்டார் வழியாக மாடிக்கு ஏறுகிறது. தரைத்தொட்டியின் மூடியைத் திறந்து நீர்மட்டம் பார்த்துவிட்டு மூட மறப்பது சாதாரணமாக நடப்பதுதான். தொட்டிதான் என்றில்லை. தவழும் குழந்தை வாளியில் தலைகுப்புற விழுந்தால் சில அங்குலத் தண்ணீரே உயிருக்கு ஆபத்து. குழந்தைகள் இருக்கும் நாட்களில் குளியலறை வாளிகளைக் கவிழ்த்து வைப்பது நல்லது.

அதிகம் தொல்லை தருவது குளியலறைத் தாழ்ப்பாள். கதவின் உச்சியில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று என இரண்டு இருக்கும். மேலே இருப்பது பிள்ளைகளுக்கு எட்டாது. இடுப்பளவில் இருப்பது எட்டும். அது ஒரு கம்பி. அதன் நடுவில் சின்னக் காது. கம்பியைத் தள்ளினால் காது தானாகச் சாய்ந்து பள்ளத்தில் விழுந்துவிடும். திறக்கும்போது காதைத் தூக்கிக்கொண்டே கம்பியை இழுக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஊதிக் கம்பி இறுகிவிட்டால், பூட்டத் தெரிந்த பிள்ளைக்குத் திறக்கத் தெரியாது.

நாங்கள் இருந்த வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று அப்படி மாட்டிக்கொண்டது. வெளியே தமிழில் இரண்டு பேர், வங்க மொழியில் ஒருவர் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கதவைத் தட்டத் தட்ட உள்ளே அழுகை கூடியது. இடது பக்கம், வலது பக்கம் என்ற வார்த்தைகள் அந்த வயதுக்குப் புரிவதில்லை. பாட்டி எல்லோரையும் அதட்டி விலக்கிவிட்டு, தரையில் உட்கார்ந்து கதவிடுக்கில் வாயை வைத்துச் சொன்னாள்: “கண்ணம்மா, கம்பிக்கு ஒரு காது இருக்கு பாரு. அந்தக் காதைப் பிடிச்சு மேல தூக்கு. தூக்கிட்டியா? இப்ப பச்சை வாளி பக்கமா இழு.” மூன்றாவது முயற்சியில் கதவு திறந்தது. அன்று மாலையே அந்தத் தாழ்ப்பாளின் திருகாணிகளைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு மேல்தாழ்ப்பாள் போதும். கதவிடுக்கில் வைக்கச் சின்ன மரக்கட்டையோ மடித்த துணியோ இருந்தால் விரல் நசுங்குவதும் நின்றுவிடும்.

காலை நேர நெருக்கடி

வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்து, வந்த பிள்ளைகளுக்கு விடுமுறையாக இருந்தால் காலை ஆறரை முதல் ஒன்பது வரை நெருக்கடி உச்சத்தில் இருக்கும். குளியலறைக்கு வரிசை, ஒரே இஸ்திரிப் பெட்டிக்கு மூன்று சட்டை, காஸ் அடுப்பில் ஒரு பக்கம் டிகாக்‌ஷனுக்கு வெந்நீர், மறுபக்கம் இட்லிப் பானை. டிசம்பர், ஜனவரியில் கொல்கத்தாவின் இரவு வெப்பம் பதினைந்து டிகிரிக்குக் கீழே போவதால், இரவு கரைத்த இட்லி மாவு காலையில் பொங்கியிருக்காது. அன்றைக்கு உப்புமாவோ பூரியோ என்று திட்டம் மாறும். பூரி என்றால் அடுப்படியில் கொதிக்கும் எண்ணெய்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்களில் பலர் தெற்கு 24 பர்கானா கிராமங்களிலிருந்து கேனிங், லட்சுமிகாந்தபூர் லோக்கல் ரயில்களில் வந்து பாலிகஞ்சிலும் தாகுரியாவிலும் இறங்குகிறவர்கள். ரயில் ஒரு மணி தாமதமானால் பாத்திரம் குவியும், தரை ஈரமாகக் கிடக்கும், அடுப்படிக்கு ஆள் குறையும். சுடுதண்ணீர், காப்பி, குக்கர் ஆவி ஆகியவற்றால் பிள்ளைகளுக்குச் சூடு படுவதற்குத் தோதான நேரம் இதுவே. கையில் காப்பி டம்ளரோடு மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதும், மேசை விரிப்பின் நுனி தொங்கும் மேசையில் சூடான பாத்திரம் வைப்பதும் தவிர்க்க வேண்டியவை.

சூடு பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் இருபது நிமிடம் ஓட விட வேண்டும். வளையல், அரைஞாண் போன்றவற்றை வீக்கம் வருவதற்குள் கழற்றிவிட வேண்டும். பற்பசை, மஞ்சள், காப்பிப்பொடி, ஐஸ் எதையும் வைக்கக் கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ கையிலோ பட்டிருந்தாலோ மருத்துவரிடம் போவதே முறை.

வெளியே கிளம்பினால்

பிள்ளைகளுக்கு ஏற்ற இடங்கள் அருகிலேயே இருக்கின்றன. குருசதய் சாலையில் உள்ள பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959 மே 2 அன்று திறக்கப்பட்டது. அதன் மாதிரி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் திரும்புவதில்லை. உள்ளே இருட்டும் நெருக்கமும் இருப்பதால் சிறு குழந்தைகளைத் தூக்கிக்கொள்ள வேண்டும். அசுதோஷ் சௌத்ரி அவென்யூவில் உள்ள பிர்லா மந்திர் வேலை 1970-இல் தொடங்கி 1996-இல் முடிந்தது. நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதால் காலையிலோ மாலையிலோ போக வேண்டும். முன்பு தாகுரியா ஏரி எனப்பட்டு 1958-இல் ரவீந்திர சரோபர் என்று பெயர் மாறிய ஏரியில் நீர்ப்பரப்பு மட்டும் 73 ஏக்கர். ஓடி விளையாட நல்ல இடம், ஆனால் கரையோரம் கையை விடக் கூடாது.

கரியாஹாட் கடைத்தெரு வேறு வகை. நடைபாதையின் இருபுறமும் புடவை, வளையல், பொம்மைக் கடைகள். பெரியவர்கள் விலை பேசக் குனியும் அந்த அரை நிமிடத்தில் குழந்தை கூட்டத்துக்குள் போய்விடும். துர்கா பூஜை நாட்களில் நிலைமை இன்னும் கடினம். ஏக்டாலியா, சிங்கி பார்க் பந்தல்கள் இந்தப் பகுதியிலேயே இருக்கின்றன. 2015-இல் அருகிலுள்ள தேசப்பிரிய பார்க்கில் 88 அடி துர்கைச் சிலையைப் பார்க்க வந்த கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதால், போலீசார் பந்தலையே மூட வேண்டியிருந்தது. பிள்ளையின் சட்டைப்பையில் பெரியவரின் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். தொலைந்தால் சந்திக்கும் இடத்தையும் முன்பே காட்டிவிட வேண்டும்.

மழை பெய்தால் திட்டத்தைக் கைவிட வேண்டியதுதான். 2025 செப்டம்பர் 23 அதிகாலை, பூஜைக்குச் சில நாட்களே இருந்தபோது, பாலிகஞ்ச் உள்பட நகரின் பல இடங்களில் 250 மி.மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து உயிர்கள் போயின. முழங்கால் தண்ணீரில் பிள்ளைகளை இறக்கி விளையாட விடுவது இந்த ஊரில் சின்ன விஷயமல்ல.

வயிற்றுப்போக்கும் பிற அவசரங்களும்

ஊர் மாறி, தண்ணீர் மாறி, தெருவில் புச்காவும் (இந்த ஊர்ப் பானிபூரி) தின்றால் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவது உண்டு. இதற்கு உலகம் முழுவதும் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கும் இந்த நகருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1971-இல் வங்கதேசப் போரில் அகதிகள் வந்து குவிந்தபோது, பன்கான் மருத்துவமனையில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோனது. கொல்கத்தாவிலிருந்து அங்கே சென்ற டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த பொட்டலங்களைத் தயாரித்து, உறவினர்களே நோயாளிகளுக்குப் புகட்டும்படி ஏற்பாடு செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2022-இல் மறைந்த அவருக்கு அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று கண்ணளவில் கலந்தால் உப்பு மிகுந்து கெடுதலாகும். கரைத்ததை ஒரு நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். குழந்தை சோர்ந்து, சிறுநீர் குறைந்து, கண் உள்வாங்கினால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. பார்க் சர்க்கஸில் 1956-இல் டாக்டர் கே. சி. சௌத்ரி நிறுவிய குழந்தைகள் நல மருத்துவ நிலையம் பாலிகஞ்சுக்குப் பக்கம்தான்.

கடலையோ காசோ தொண்டையில் சிக்கி மூச்சு முட்டினால், ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, தோள்களுக்கு நடுவே ஐந்து முறை தட்ட வேண்டும். வராவிட்டால் மல்லாத்தி நெஞ்சில் ஐந்து முறை அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்காக வாயில் விரலை விட்டுத் துழாவக் கூடாது. பொம்மையின் பட்டன் பேட்டரியை விழுங்கியிருந்தால் காத்திருக்க நேரமில்லை. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். அவசர உதவி எண் 112.

புறப்படும் நாள்

கிளம்பும் நாளும் வந்த நாளைப் போலத்தான். பெட்டி கட்டுவது, சந்தேஷ் இனிப்பு டப்பாவுக்கு இடம் தேடுவது, மண் கலயத்துத் தயிரைக் கையில் எடுத்துப்போவதா வேண்டாமா என்ற வாதம், வண்டி வந்துவிட்டதாகக் கீழிருந்து கூப்பாடு. பெரியவர்கள் எல்லோர் கையும் நிறைந்திருக்கும். பாலிகஞ்சிலிருந்து ஹவுராவுக்கு அலுவலக நேரத்தில் ஒரு மணிக்கு மேலாகும் என்பதால் பரபரப்பு இன்னும் கூடும்.

இதற்கு அனுபவப்பட்ட குடும்பங்கள் ஒரே வழியைத்தான் கையாளுகின்றன. வரும் நேரம், காலை அடுப்படி நேரம், கடைத்தெரு, கிளம்பும் நேரம் என ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளுக்கென்று ஒருவரைப் பெயர் சொல்லி நிறுத்துவது. அவர் பெட்டி தூக்க வேண்டாம், காசு கொடுக்க வேண்டாம், பேச்சிலும் கலந்துகொள்ள வேண்டாம். மாமாவோ பெரியப்பாவோ யாராக இருந்தாலும், அவர் களைத்தால் அடுத்தவரிடம் “இனி உன் பொறுப்பு” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டே நகர வேண்டும்.