புகை கலையட்டும்

சென்னையில் யாரிடமாவது சொந்த ஊர் தர்மபுரி என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி உடனே வரும். ‘‘வீரப்பன் ஏரியாவா சார்?’’ பாப்பாரப்பட்டி அருகே அவர் சுட்டுக் கொல்லப்பட்டது 2004 அக்டோபர் 18. இருபது வருடம் தாண்டிவிட்டது. இன்னமும் எங்கள் ஊர்க்காரன் என்றால் மீசையும் துப்பாக்கியும் கூடவே பிறந்தவை என்றுதான் நினைக்கிறார்கள். எனக்கு மீசை சுமார்தான். துப்பாக்கியை நாற்பது வயது வரை தொட்டதுகூட இல்லை.

தொட்டது டெக்ஸாஸில்! அக்கா மகன் அங்கே கம்ப்யூட்டர் உத்தியோகம். பார்க்கப் போன இடத்தில், ‘‘மாமா, ஒரு பழைய மாடல் ரிவால்வர் இருக்கு. சுட்டுப் பாக்கறீங்களா?’’ என்று டாலஸுக்கு வெளியே ஒரு சுடுதளத்துக்கு அழைத்துப் போய்விட்டான்.

சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கர் சுழலும் துப்பாக்கிக்கு 1836-ல் காப்புரிமை வாங்கினார். அவருடைய 1851 மாடலை அச்சு அசலாக அப்படியே திரும்பச் செய்து இப்போதும் விற்கிறார்கள். சினிமாவில் வருகிற மாதிரி தோட்டாவை வரிசையாகச் செருகிவிட்டு டுமீல் டுமீல் என்று சுடுகிற கதையெல்லாம் இதில் நடக்காது. உருளையில் ஆறு அறை. ஒவ்வொன்றிலும் சின்னக் குடுவையால் கரிமருந்தை அளந்து கொட்ட வேண்டும். மேலே ஈய உருண்டை. அதைக் குழலுக்குக் கீழே இருக்கிற நெம்புகோலால் அழுத்தி உள்ளே இறக்க வேண்டும். அதற்கு மேல் கொழுப்புப் பசை. ஓர் அறையில் பற்றிய நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவிவிடக் கூடாது இல்லையா? கடைசியாகப் பின்பக்கம் ஒரு செப்பு கேப். தீபாவளித் துப்பாக்கிக்கு நாம் வாங்கிய ரோல் கேப்புக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்காக ஓர் அறையைக் காலியாக விட்டுவிடுவார்கள். ஆக ஐந்து குண்டு. நிரப்பி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

சுட்டேன். ‘டுமீல்’ இல்லை, ‘தொம்’. கையை உதறவில்லை, மெதுவாகப் பின்னால் தள்ளியது. அடுத்த நொடி எதிரே வெள்ளை வெளேரென்று புகை. நாற்பத்தைந்து அடி தள்ளி நிறுத்தியிருந்த அட்டையைக் காணோம். அட்டை இருந்த திசையையே காணோம். கூடவே ஒரு நெடி. எனக்குச் சட்டென்று எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகை ஞாபகம் வந்தது. சாமி புறப்படும்போது போடுகிற வேட்டு இதே வாசனைதான்.

இரண்டும் ஒரே மருந்து என்பதுதான் காரணம். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. கூட்டினால் நூறு. பி.காம். படித்தவனுக்குப் புரிகிற ஒரே வேதியியல். இந்த மருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை. திடத் துகளாகவே மிஞ்சுகிறது. அதுதான் அந்தப் புகை, குழலுக்குள் ஒட்டுகிற கறை எல்லாம். 1884-ல் பிரான்ஸின் பால் வியேல் புகை வராத மருந்தைக் கண்டுபிடிக்கிற வரை உலகத்தின் எல்லாப் போர்க்களங்களும் இப்படித்தான் மூடிக்கிடந்தன. சுட்டவன் தான் எதைச் சுட்டோம் என்று தெரிந்துகொள்ளப் புகை கலையும் வரை காத்திருக்க வேண்டும்.

சோப்புத் தண்ணீரில் ரிவால்வரைப் பாத்திரம் மாதிரி கழுவிக்கொண்டே மருமகன் சொன்னான். ‘‘மாமா, இது இந்த நாட்டு மத்திய சட்டப்படி துப்பாக்கியே இல்ல, தெரியுமா?’’ நிஜம்தான். 1968-ல் வந்த சட்டம், கரிமருந்து கிட்டித்துச் சுடுகிற இந்த வகையைப் புராதனப் பொருள் கணக்கில் சேர்த்துவிட்டது. ஒருசில மாநிலங்களில் தனிக் கட்டுப்பாடு உண்டு. மற்றபடி பொழுதுபோக்கு.

அங்கேதான் எனக்குப் பென்னாகரம் ஞாபகம் வந்தது.

எங்கள் மலைக் கிராமங்களில் பரணில் செருகி வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியும் இதே ஜாதிதான். சுழலும் உருளை கிடையாது. ஒரே குழல், ஒரே குண்டு. அதே கரிமருந்து, ஈயத்துக்குப் பதில் பால்ரஸ். ஆனால், நம் சட்டத்தில் அது முழுத் துப்பாக்கி. சரி பண்ணினாலும் சுடாது என்கிற அளவுக்கு இற்றுப்போயிருந்தால்தான் விலக்கு. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடம், அதிகம் ஐந்து வருடம் சிறை.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். காவிரி பிறக்கிற குடகில் கொடவர்களுக்குப் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே உரிமத்தில் விலக்கு உண்டு. துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜையே செய்வார்கள். அந்த விலக்கை மத்திய அரசு 2019-ல் இன்னும் பத்து வருடத்துக்கு நீட்டித்தது. அதே காவிரி இறங்கி ஒகேனக்கல் வந்தால் சட்டம் வேறு. ஒகேனக்கல் என்றால் கன்னடத்தில் ‘புகையும் கல்’ என்று அர்த்தம்!

உடனே எல்லோருக்கும் துப்பாக்கி கொடுங்கள் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். என் அம்மா ஊரில் எண்பதை நெருங்குகிற தாத்தா ஒருவர் இருக்கிறார். டெக்ஸாஸ் பெருமையை அவரிடம் அளந்தபோது, தன் முதல் வெடியைச் சொன்னார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. நிலக்கடலைக் கொல்லையில் காவல். எங்கள் பக்கம் கொல்லை என்றால் மானாவாரி நிலம். அப்பாவின் துப்பாக்கி கையில்.

‘‘செடி சலசலன்னுச்சு. பன்னிதான்னு அழுத்திட்டேன். பொகை மூடிக்கிச்சு. ஒண்ணும் தெரியல. உள்ளேர்ந்து ‘ம்மா’ன்னு ஒரு சத்தம். மனுசனா, மாடான்னு புரியலப்பா. அந்தப் பொகை கலையற வரைக்கும் நான் செத்துட்டேன்.’’

கலைந்த பிறகு பார்த்தால், அவர்கள் வீட்டுச் செவலைக் கன்று. அதற்குப் பிறகு அவர் வானத்தைப் பார்த்து மட்டும்தான் சுட்டாராம். இருட்டில், பன்றி என்று நினைத்து மனிதனையே சுட்டுவிட்ட செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். கன்றோடு போனது அவருடைய அதிர்ஷ்டம்.

கடந்த சில வருடங்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைக் கிராமங்களில் அதிகாரிகள் கூட்டம் போட்டு, ‘தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை’ என்று சொல்ல, ஜனங்கள் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தாத்தாவும் ஊர்ப் பெரியவர்களோடு போய்க் கொடுத்துவிட்டார். சந்தோஷம்தான். ஆனால், பன்றிகளிடம் யாரும் கூட்டம் போடவில்லையே! 2025-ல் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையே சுடலாம். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடிக்கலாம். ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டும் கிடையாது. தாத்தாவின் கொல்லை காட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

‘நாட்டுத் துப்பாக்கி பறிமுதல், விவசாயி கைது’ என்று பேப்பரில் மூன்று வரிச் செய்தி வரும். அடுத்த முறை பார்த்தால் ‘வேட்டைக்காரப் பய’ என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். தப்பே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த ஆளின் கொல்லையில் போன வாரம் என்ன மிஞ்சியது என்று அந்த மூன்று வரியில் இருக்காது.

தாத்தா இப்போது கடலை போட்டிருக்கிற மூன்று மாதமும் ராத்திரி தூங்குவதில்லை. எண்ணெய் டின்னைக் குச்சியால் தட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் போனில் கேட்டார்.

‘‘ஏம்பா, பேப்பர்ல எழுதறவன் நீ. தகரம் தட்டறதுக்கு லைசென்ஸ் ஒண்ணும் வேணாம்ல?’’