பெயருக்கு ஒரு விலாசம்

ஆடி 8

அசோக் லேலண்டு லாரிகளும் டி.வி.எஸ். மொபெட்டுகளும் டைட்டன் கைக்கடிகாரங்களும் 1980-களில் ஓசூரில் உருவாகத் தொடங்கிய காலம் முதற்கொண்டு, அப்பெரிய ஆலைகளை அண்டி எத்தனையோ ஜாப் ஒர்க் பட்டறைகள் தோன்றி, மைக்ரான் கணக்கில் உதிரி பாகங்களைக் கடைந்து அனுப்பிவருகின்றன. ஆயினும் டெலிவரி சலானில் பட்டறையின் பெயர் இருக்குமேயன்றி, அவ்வுதிரியை மிஷினில் பிடித்து நிறுத்தும் ஃபிக்சரை வரைந்தவன் பெயர் எங்கும் இராது. அப்படி வரைகிறவர்களில் நானும் ஒருவன். கர்நாடக எல்லைக்கு அப்பால் பொம்மசந்திரத்திலும் பீன்யாவிலும் இருப்போர் இப்போது ஆளை விசாரிக்குமுன் இணையத்தில் தேடுகிறார்களாதலால், என் வேலையை என் பெயரிலேயே காட்டும் வெப்சைட் ஒன்றை ஏற்படுத்துவதென்று நிச்சயித்தேன்.

ஆடி 14

இன்று முழுவதும் வெப்சைட்டின் விலாசமாகிய டொமைன் பெயரைப் பற்றிய யோசனை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்கள் 1995-இல் தமிழை இணையத்தில் ஏற்றிய நாளிலிருந்து காரியம் வெகுதூரம் வந்து, .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் விலாசங்கள் ஏற்பட்டுவிட்டன என்றறிந்தபோது உள்ளம் பூரித்தது. ஆனால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் கலந்து ஒலிக்கும் இப்பிரதேசத்தில், என்னைத் தேடுகிறவர் தமிழ் எழுத்தறியாதவராகவும் இருக்கக்கூடும். ஆகவே ஆங்கில எழுத்தில் .இன் என்று முடியும் பெயரைப் பதிந்து, பக்கங்களை இரு பாஷைகளிலும் எழுத உத்தேசித்தேன்.

பணம் கட்டியதும் பெயர் நிரந்தரமாகச் சொந்தமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது குத்தகையே. ஒரு தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதியலாம். புதுப்பிக்கத் தவறினால் கெடு கழிந்தபின் வேறொருவர் அதே பெயரை எடுத்துக்கொள்ளலாம்.

ஆடி 21

எதைக் காட்டுவது என்பதே எல்லாவற்றிலும் கடினமான பிரச்சினையாக இருந்தது. பெங்களூரில் வேலைபார்க்கும் தங்கை மகன் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டான்: "மாமா, கஸ்டமர் டிராயிங் ஒண்ணுகூட போடாதீங்க. அது அவங்க சொத்து." நியாயமான வார்த்தை. பல வருஷ உழைப்பு பிறருடைய டிராயிங்குகளுக்குள் மறைந்து கிடக்க, வெளியே காட்ட ஒன்றுமில்லையே என்ற ஏக்கம் சற்று நேரம் வாட்டியது. பிறகு, எவருடைய உதிரிக்கும் சம்பந்தமில்லாத அலுமினியக் கட்டை ஒன்றுக்கு நானே ஃபிக்சர் வரைந்தேன். பிடிப்பின்றி இருக்கும் எந்தப் பொருளுக்கும் மூன்று திசைகளில் நகர்வதும் மூன்று அச்சுகளில் சுழல்வதுமாக ஆறுவிதச் சலனங்கள் உண்டு. அடியில் மூன்று புள்ளிகள், பக்கவாட்டில் இரண்டு, முனையில் ஒன்று என ஆறு தாங்கல்களை வைத்து, கிளாம்பால் அவற்றின்மேல் அழுத்திப் பிடித்தால், கட்டை தன் ஸ்தானத்திலிருந்து அசையாது. இதைப் படத்தோடு விளக்கி, ஒவ்வொரு புள்ளியையும் அங்கே வைத்த காரணத்தையும் எழுதினேன். முடித்த வேலையின் புகைப்படத்தைக் காட்டிலும் இந்தக் காரணங்களே ஒரு தொழிலாளியின் புத்தியை வெளிப்படுத்தும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆடி 28

தளத்தின் கோப்புகளைக் கிட்ஹப் என்ற இணையச் சேவையில் கட்டணமின்றி ஏற்றியாயிற்று. சர்வர்களின் எண் விலாசங்களை மனிதர் ஞாபகம் வைப்பது அசாத்தியமாதலால், பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் டி.என்.எஸ். ஏற்பாட்டை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். அதன்படி, பெயரைப் பதிந்த கம்பெனியின் பக்கத்தில் 'ஏ ரெக்கார்டு' என்ற இடத்தில் கிட்ஹப் தந்த நான்கு எண்களையும், மூன்று டபிள்யூக்களோடு தொடங்கும் விலாசத்துக்கு 'சி நேம்' குறிப்பையும் இட்டேன். பழைய விவரத்தைச் சேமித்து வைத்திருக்கும் சர்வர்கள் கெடு தீர்ந்த பின்னரே புதியதைக் கேட்கும். அதுவரை காத்திருப்பதே கிரமம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற தர்ம ஸ்தாபனத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் இலவசமாகவே கிடைத்தது.

ஆவணி 3

தளம் திறந்துவிட்டது. என் பெயரைத் தட்டினால் என் வேலை வருகிறது. சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சூளகிரியிலும் பர்கூரிலும் பட்டறைகளில் உழைக்கும் சகோதரர்களே, நீங்களும் இதைச் செய்யுங்கள். தளத்தைக் கட்டித்தர எவரையும் அமர்த்திக்கொள்ளலாம்; ஆனால் டொமைனை மாத்திரம் முதலாளியின் ஈமெயிலிலோ, கட்டித்தருபவரின் கணக்கிலோ பதியவிடாமல், உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் பதிந்து, புதுப்பிக்கும் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.